நத்தையிலிருந்து ஊரிக்கு: இன்னொரு ஓவியரின் வழியில் கடதாசி ஒட்டுச்சித்திரம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய ஓவியர் ஒருவரின் வழியில் ஒட்டுச்சித்திரம் செய்யச் சொன்னால் பலர் முதலில் கைபேசியைத்தான் எடுப்பார்கள். அவருடைய படம் ஒன்றைத் திறந்து வைத்து, அதிலுள்ள இலையை அப்படியே கீறி, வெட்டி, ஒட்டிவிடுவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதையே செய்கிறோம். கடைசியில் கையில் மிஞ்சுவது மூலப் படத்தின் கொஞ்சம் கோணலான பிரதி.

நான் சொல்லப்போகும் வழியில் ஓவியரின் வடிவங்களை எடுப்பதில்லை. அவர் எடுத்த முடிவுகளை எடுக்கிறோம். எத்தனை நிறத்தோடு நின்றார், எந்தக் கருவியைப் பிடித்தார், எதை மேலே ஒட்டினார், எந்த இடத்தை வெறுமையாக விட்டார் என்பவை முடிவுகள். அந்த முடிவுகளை நம்முடைய பொருள் ஒன்றின்மேல் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஓவியராக ஹென்றி மத்தீஸையும், பொருளாக மட்டக்களப்பு வாவியின் ஊரியையும் (சுழி ஓடுள்ள நீர்நத்தை) எடுத்திருக்கிறேன். படிமுறை பிடிபட்ட பிறகு இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் மத்தீஸ்

மத்தீஸ் 1869இல் வட பிரான்சில் பிறந்தவர். 1941இல் வயிற்றில் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவருடைய காலம் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும்தான். நின்றபடி தூரிகை பிடிப்பது கஷ்டமானது. உதவியாளர்கள் தாள்களுக்குக் குவாஷ் வண்ணம் (தண்ணீரில் கரைத்துப் பூசும், அடி தெரியாத வண்ணம்) பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள். அவர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவார். துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி, அவர் சொல்லச் சொல்ல இடம் மாற்றுவார்கள். 1954இல் இறக்கும்வரை இப்படித்தான் வேலை செய்தார்.

கத்தரிக்கோல் நோயால் வந்தது என்று மட்டும் நினைத்தால் பாதிக் கதைதான். 1930களின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவில் ஒரு மண்டபத்துக்கான பெரிய நடனச் சுவரோவியத்தைத் திட்டமிடும்போது, உருவங்களைத் திரும்பத் திரும்ப அழித்து வரையாமல் வெட்டிய கடதாசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார். வெட்டிய துண்டை நகர்த்தலாம். வரைந்த கோட்டை நகர்த்த முடியாது. ஒட்டுச்சித்திரத்தின் பெரிய வசதி இதுதான்.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1946இல் பாரிஸ் வீட்டுச் சுவரில் இருந்த கறை ஒன்றை மறைக்க வெள்ளைத் தாளில் ஒரு பறவையை வெட்டி ஒட்டச் செய்தார். அது கண்ணுக்குப் பிடிக்கவே பக்கத்தில் இன்னொன்று, மீன், பவளம், பாசி என்று சுவர் முழுக்க நிறைந்தது. அவை 1930இல் அவர் தாஹிட்டித் தீவுகளுக்குப் போனபோது கடல்நீரேரியில் பார்த்தவை. பதினாறு ஆண்டு கழித்து நினைவிலிருந்து வந்தன. வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த மனிதரோடு பேச ஏதோ இருக்கிறது.

ஆனால் மத்தீஸ் எல்லாப் பொருளுக்கும் பொருந்தமாட்டார். 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களைச் செய்ய ஆசைப்பட்டால், அவருடைய வளைவுகள் உங்களுக்குத் தொல்லைதான். அதற்கு 1912இல் பத்திரிகைத் துண்டும் சுவர்க்கடதாசியும் ஒட்டத் தொடங்கிய பிராக், பிக்காசோ பக்கம் போங்கள். கண்டல் பூவை இதழ் இதழாக, காம்பின் மயிரோடு காட்ட வேண்டுமென்றால் மேரி டெலானி இருக்கிறார்: எழுபது தாண்டிய வயதில் தொடங்கி, கறுப்புப் பின்னணியில் கிட்டத்தட்ட ஆயிரம் பூக்களைக் கடதாசியில் செய்த ஆங்கிலேயப் பெண்மணி. தேர்தல் சுவரொட்டியையும் விளம்பரத்தையும் வெட்டிக் கிண்டல் பண்ண நினைப்பவருக்கு ஜேர்மனியின் ஹன்னா ஹோக். இந்தியாவில் பினோத் பிஹாரி முகர்ஜி 1957இல் பார்வையை முழுதாக இழந்த பின்பும் கையின் தடவலை நம்பிக் கடதாசி வெட்டி ஒட்டியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீன் வெட்டிப் பார்த்தால் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

பார்ப்பதற்கு ஒரு முழு மாலை கொடுங்கள்

எடுத்துக்காட்டுக்கு மத்தீஸ் 1953இல் செய்த 'நத்தை'. லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையத்தளத்தில் பெரிதாகப் பார்க்கலாம்.

கைபேசியில் உள்ளங்கை அளவு தெரியும் அந்தப் படத்தின் உண்மையான அளவு 286க்கு 287 சென்ரிமீற்றர். முற்றத்தில் கரிக்கட்டியாலோ சோக்காலோ அந்தச் சதுரத்தைக் கீறி, நடுவில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு நிறத் துண்டும் ஒரு கதிரை அளவு. அவ்வளவு பெரிய துண்டில் சின்னச் சின்ன அலங்காரம் எடுபடாது. அதனால்தான் அவர் செய்யவில்லை. இதை உடம்பால் உணராமல் வெறும் திரையில் பார்த்தால், "சும்மா சதுரம் சதுரமா ஒட்டியிருக்காரு" என்றுதான் படும்.

இனிக் கொப்பியைத் திறந்து கேள்வி எழுதுங்கள். எத்தனை நிறம்? எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம்? துண்டுகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, எங்கே வெள்ளை இடைவெளி? விளிம்பு நேராக வெட்டப்பட்டதா, கை போன போக்கிலா? எந்தத் துண்டை எடுத்துவிட்டால் முழுப்படமும் சரிந்துவிடும்? கடைசிக் கேள்விக்கு விரலால் ஒவ்வொரு துண்டாக மறைத்துப் பார்த்து விடை காணுங்கள்.

'நத்தை'யில் நத்தையின் உருவக்கோடு இல்லை. கரடுமுரடாக வெட்டிய நிறப் பாளங்கள் ஒரு சுழியைப் போல உள்ளே சுற்றிப் போகின்றன. சிவப்பும் பச்சையும், செம்மஞ்சளும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று உந்துகின்றன. வெள்ளைத் தரை. வெளியே செம்மஞ்சள் விளிம்பு, அதுவும் ஆங்காங்கே உடைந்தது. இடது மேல்பக்கத்து ஊதாத் துண்டின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்; அங்கே மட்டும் குட்டி நத்தை ஒன்றின் வடிவம் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு கண்டிப்பான படத்துக்குள் ஒரு குறும்பு.

நேரம் இருந்தால் 1952இன் நீல உருவங்களையும் பாருங்கள். ஒரே நீலத் தாள். தோள் எங்கே முடிகிறது, தொடை எங்கே தொடங்குகிறது என்பதை இடையே விட்ட மெல்லிய வெள்ளை இடைவெளி சொல்லிவிடுகிறது. நிழல் தீட்டவே இல்லை. இந்த ஒரு வித்தை உங்கள் கைக்கு வந்தால் மீனின் செவுள், நண்டின் மூட்டு, கூத்துக்காரரின் கரப்புடுப்பு (விரிந்த பாவாடை போன்ற கூத்துடை) மடிப்பு எல்லாம் வந்துவிடும்.

விதிகளை எழுதி, ஒன்றை உடைப்பது

பார்த்ததை நாலைந்து விதிகளாகச் சுருக்குங்கள். 'நத்தை'க்கு நான் எழுதுவது: உருவக்கோடு கிடையாது. பெரிய பாளங்கள், பென்சில் இல்லாமல் வெட்டியவை. சுழி அமைப்பு. எதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில். வெள்ளைத் தரை, உடைந்த விளிம்பு.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மத்தீஸின் நிழலிலேயே நிற்பீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அவருடைய வழி என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறைந்தது ஒன்றைத் துணிந்து உடைத்தால்தான் படத்துக்கு உங்கள் முகம் வரும் என்பது என் அபிப்பிராயம். எதை உடைப்பது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பயிற்சிப் பிரதி செய்வதில் தவறில்லை. சிலருக்குக் கையால் செய்தால்தான் கண் திறக்கும். ஏ4 தாளில், கடையில் வாங்கும் நிறத்தாளால், ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பின்பக்கம் 'பயிற்சிப் பிரதி' என்று எழுதி மூடி வையுங்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம்.

பொருள்: ஊரி

முழுநிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் வாவி பாடும் என்பது நம் ஊரார் வழிவழியாகச் சொல்வது. மீன் பாடுகிறது என்றுதான் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பாடுவது மீனல்ல, அடியில் கிடக்கும் ஊரிதான் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, மட்டக்களப்பு மீனவர்கள் தனக்கு ஊரியைக் காட்டி இதுதான் கத்துகிறது என்று சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்.

ஊரி ஓட்டின் சுழியும் மத்தீஸின் நத்தைச் சுழியும் ஒன்றுக்கொன்று எட்டத்து உறவு. அவருடைய நத்தைக்குச் சத்தம் இல்லை, நம்முடையதற்கு உண்டு. சத்தத்தைக் கடதாசியில் எப்படிக் காட்டுவது? இங்கேதான் விதி உடையும். சத்தம் கேட்பது இரவில். ஆகவே வெள்ளைத் தரை போய்க் கருநீலத் தரை. சுழி உள்ளே சிறுத்து, வெளியே வரவரப் பாளங்கள் பெருத்து, இடைவெளியும் அகல வேண்டும். உள்ளே நெருக்கம், வெளியே தளர்ச்சி: ஒலி பரவுவது அப்படித்தான். உடைந்த செம்மஞ்சள் விளிம்புக்குப் பதிலாக, கீழே மட்டும் பன்பாயின் (பன் புல்லால் பின்னிய பாய்) ஓரப் பட்டை மாதிரி ஒரு வரி.

ஊரி பிடிக்காவிட்டால் வேறு எத்தனையோ. வீசிய கணத்தில் வானத்தில் விரியும் வீச்சுவலை. திருக்கையின் தட்டை உடம்பு (கத்தரிக்கோலுக்கென்றே பிறந்த உருவம்). மருதமுனை நெசவுச் சேலையின் கரை. வடமோடிக் கூத்து அரசரின் கரப்புடுப்பும் முடியும். பொத்துவில் பக்கத்து வயலில் அறுவடைக்குப் பின் வந்து நிற்கும் கொக்குக் கூட்டம். எதை எடுத்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். ஊரி ஓடு ஒன்றைப் பொறுக்கிவந்து மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மத்தீஸ் நினைவிலிருந்து வெட்டினார் என்றால், அதற்கு முன் அரை நூற்றாண்டு பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்.

கடதாசிக்கு நிறம் பூசுதல்

கடையில் நிறத்தாள் கிடைக்கும்போது ஏன் பூச வேண்டும் என்று கேட்பீர்கள். அச்சிட்ட நிறத்தாளின் நிறம் தட்டையானது. எல்லாருடைய வீட்டிலும் அதே சிவப்பு, அதே பச்சை. கையால் பூசிய தாளில் தூரிகைத் தடம் ஓடும். மத்தீஸின் தாள்களிலும் அது தெரிகிறது. தூரத்தில் ஒரே நிறம், கிட்டப் போனால் அசைவு. செலவும் பெரிதில்லை.

தாள் 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையான சித்திரத் தாள். பிரிஸ்டல் போர்ட் வெட்டுவதற்குத் தடிப்பு, வளைவில் கத்தரிக்கோல் திக்கும். அதைத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஏ4 தாள் பசையில் நனைந்து சுருங்கும். வண்ணம் போஸ்டர் கலர் போதும். கையில் காசு இருந்தால் குவாஷ். 2 அங்குலத் தட்டைத் தூரிகை.

ஊரிக்கு 5 நிறம் எடுக்கிறேன்: கருநீலம், பாசிப்பச்சை, நிலா மஞ்சள், ஓட்டுச் சிவப்பு, ஊதா. மஞ்சளுக்கு ஊதா எதிர். சிவப்புக்குப் பச்சை எதிர். நீலம் தரை. வெள்ளை ஒரு துண்டு மட்டும், கடைசியாக. ஆறாவது நிறத்துக்கு ஆசை வரும். ஊதாவையே இரண்டு கடுமையில் கலந்து அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிறத்தையும் ஒரே தடவையில், தேவைக்குக் கூடுதலாகவே கலக்குங்கள். பாதியில் முடிந்தால் அதே நிறத்தை மீண்டும் கலக்க யாராலும் முடியாது. தாளை ஒரு பலகையில் கிளிப் போட்டு, முதலில் ஒரு திசையில் பூசி, காய்ந்ததும் குறுக்கே இரண்டாம் பூச்சு. தண்ணீர் அதிகமானால் தாள் நெளியும். வண்ணம் தடித்தால் காய்ந்தபின் வெடித்து உதிரும். தூரிகை சிரமமில்லாமல் இழுபட வேண்டும், ஆனால் வண்ணம் வழியக்கூடாது, அதுதான் பதம்.

வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் அப்பளமாகச் சுருண்டுவிடும். நிழலில், காற்றோட்டத்தில், அரைநாள். காய்ந்தபிறகும் வளைந்திருந்தால் பின்பக்கத்தை ஈரத்துணியால் இலேசாகத் துடைத்து, பழைய பத்திரிகைகளுக்கு இடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

பூச விருப்பமில்லாமல் பழைய கடதாசிகளில் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கலியாண அழைப்பிதழ் அருமையான தாள். தடிப்பு, நிறம் நிற்கும். பட்டக்கடதாசி அழகுதான், ஆனால் ஈரப் பசை பட்டதும் சாயம் விடும். பத்திரிகைத் தாள் சில மாதங்களிலேயே மஞ்சளாகும். பிராக்கும் பிக்காசோவும் ஒட்டிய பத்திரிகைகள் இன்று பழுப்பாக நிற்கின்றன. வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையின் பழைய தாள் எங்காவது வீட்டில் கிடந்தால் அதை வெட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நம் மண்ணின் நெல் வயல் அது. கலண்டரை வெட்டும்போது சாமிப் படம் இல்லாத மாதத்தைப் பாருங்கள். அரபு எழுத்துள்ள தாளையும் தொட வேண்டாம். பல சமூகத்தவரும் வந்து பார்க்கும் ஊர். ஒருவர் மனம் நோகப் படம் செய்து ஆவதென்ன?

வெட்டுதல்

நீளமான அலகுள்ள தையல் கத்தரிக்கோல் ஒன்று, உட்புற வெட்டுக்குக் கூர்முனைச் சின்னது ஒன்று. கடதாசி வெட்டிய கத்தரிக்கோலால் பிறகு துணி வெட்ட முடியாது. வீட்டில் தையல் மெஷின் இருப்பவர்கள் சொந்தமாக வேறொன்று வாங்கிக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆரம்பிப்பவர்கள் கத்தரிக்கோலை வளைப்பார்கள். நீங்கள் கத்தரிக்கோலை அசையாமல் பிடித்து, கடதாசியை மற்றக் கையால் திருப்புங்கள். வலக்கைக்காரர் உருவத்தை இடக்கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வர வேண்டும், இடக்கைக்காரருக்கு நேர்மாறு. அலகை நுனிவரை மூடாதீர்கள். மூடினால் ஒவ்வொரு மூடலுக்கும் விளிம்பில் ஒரு பல் விழும். முக்கால்வாசி மூடித் திறந்து, மூடித் திறந்து முன்னே தள்ளுங்கள். கூரான அலகும் விறைப்பான தாளும் என்றால் பாதி திறந்தபடியே தள்ளினாலும் கிழித்துக்கொண்டு போகும். அந்த நீளமான வெட்டில்தான் மத்தீஸின் வளைவுகளின் மூச்சு இருக்கிறது.

நிறத்தாளைத் தொடுமுன் பழைய பத்திரிகையில் கையைப் பழக்குங்கள். தாழை இலை, திருக்கை, இறால் முதுகு. ஒவ்வொன்றும் ஒரே வெட்டில், நிற்காமல். முதல் பத்துப் பதினைந்து அசிங்கமாக வரும், அடுப்புக்கு உதவும்.

ஊரிக்கான பாளங்கள் சதுரமும் சரிவகமும் கலந்தவை. அளவுகோல் வேண்டாம், பென்சில் வேண்டாம். கொஞ்சம் சரிந்த விளிம்பு, லேசான வளைவு, அதுதான் உயிர். மிகச் சிறியது தீப்பெட்டி அளவு, மிகப் பெரியது உள்ளங்கையைவிடப் பெரிது. தேவைக்கு இரண்டு மடங்கு வெட்டி வையுங்கள். தேர்ந்தெடுக்க இல்லாவிட்டால் கிடைத்ததை ஒட்டிவிடுவீர்கள்.

வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தாளைக் கசக்கி எறிய வேண்டாம். இலையை எடுத்த தாளில் இலை வடிவ ஓட்டை நிற்கும். மத்தீஸ் பல இடங்களில் உருவத்தையும் அந்த ஓட்டைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். நம் பன்பாய்ப் பட்டைக்கும் இந்த மிச்சத் தாள்களே போதும். ஒரே அகலத்துக்கு வெட்டி நிறம் மாற்றி மாற்றி வைத்தால் சரி.

ஊசியால் குத்திப் பார்க்கும் நாட்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டி ஓடுகிறார்கள், இதில்தான் படம் உருவாகிறது. மத்தீஸின் சுவரில் சில துண்டுகள் மாதக் கணக்கில் ஊசியிலேயே தொங்கின. நாம் ஒரு வாரமாவது கொடுக்கலாம்.

பெரிய ரிஜிபோம் (வெள்ளை நுரை) பலகை ஒன்றைச் சுவரில் சாத்தி, அதன்மேல் கருநீலம் பூசிய தரையைக் குத்துங்கள். பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டிய ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர் சதுரம் அது. முதலில் ஃபானை நிறுத்துங்கள். பாளங்களைத் தையல் ஊசியால் குத்துங்கள். இன்னொரு துண்டு மேலே வரப்போகும் மூலையில் குத்தினால் ஓட்டை மறையும். சுழியின் நடுவைப் படத்தின் சரி நடுவில் வைக்காதீர்கள். கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். வாவியின் அடியில் கிடக்கும் பொருள் மேலே மிதக்கக்கூடாது.

நடுவிலிருந்து தொடங்குங்கள். சின்ன ஊதா, அதைத் தொட்டு மஞ்சள், பிறகு பச்சை, அதன்மேல் பாதி ஏறிய சிவப்பு. இரண்டாம் சுற்றில் துண்டுகள் தொடாமல் விலகட்டும். மூன்றாம் சுற்று முழுச் சுற்றாக வர வேண்டியதில்லை; இரண்டு மூன்று பெரிய பாளம், அவற்றில் ஒன்று தரையின் விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட்டுப் போகட்டும். சத்தம் சட்டத்துக்குள் அடங்குமா?

ஒவ்வொரு அடுக்கையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் வேறாக இருந்தும் வெளிச்சத்தில் வேறுபாடு இல்லை என்று அர்த்தம். ஒன்றை வெளிறிய தாளில் மாற்றி வெட்டுங்கள். பிறகு முற்றத்துக்குப் போய் அங்கிருந்து திறந்த கதவுவழியே பாருங்கள். அந்தத் தூரத்தில் சுழி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் துண்டுகள் அதிகம். கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் பெரும்பாலும் மருந்து.

வெள்ளைத் துண்டை இப்போது வையுங்கள். நிலாவாகத் தோன்றும் இடத்தில் வைக்காதீர்கள், அது எல்லாருக்கும் வரும் எண்ணம். சுழியின் நடுவுக்குக் கிட்ட, விரல் நகம் அளவில். டெனன்டுக்குக் காட்டிய அந்த ஊரியின் சின்ன உருவக்கோட்டை விரும்பினால் அந்த வெள்ளையில் மட்டும் வெட்டுங்கள். மத்தீஸின் ஊதாக் குறும்புக்கு நம் பதில்.

ஒட்டுதல்

கோதுமை மாப் பசைதான் என் தெரிவு. மலிவு, தாளை விறைக்கச் செய்யாது, பிழையாக ஒட்டினால் ஈரத்தோடேயே பெயர்க்கலாம். கோதுமை மா 1 கோப்பைக்குத் தண்ணீர் 5 கோப்பை. மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடித் தன்மை வரும்போது இறக்கி, வடிகட்டி, ஆறவிடுங்கள். கராம்பு எண்ணெய் சில துளி விட்டால் பூஞ்சணம் தள்ளிப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாலு நாள் இருக்கும். புளித்த மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, பூச்சி அண்டாது. அது நஞ்சு, பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மாப்பசை காய்ச்ச வசதியில்லையென்றால் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை மூன்றுக்கு ஒன்று தண்ணீர் விட்டு இளக்குங்கள். பாடசாலைக் குச்சிக் கம் பெரிய பாளங்களுக்கு உதவாது. காய்ந்து ஓரம் எழும்பும்.

தரையிலிருந்து மேலே என்ற ஒழுங்கில், ஒரு தடவைக்கு ஒரு துண்டு. ஊசியைக் கழற்றுமுன் துண்டின் இரண்டு மூலையைத் தரையில் பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டுக்கொள்ளுங்கள். துண்டைப் பத்திரிகையின்மேல் கவிழ்த்து, பின்பக்கம் முழுக்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய பூச்சு. பசை பூசியதும் தாள் நனைந்து சற்று விரியும். ஒரு நிமிடம் பொறுத்து, விரிந்து முடிந்தபின் ஒட்டினால் கொப்புளம் வராது. மேலே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து, மடித்த துணியால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். நிறத்தின்மேல் ஈர விரல் படக்கூடாது. போஸ்டர் கலர் கரைந்து தழும்பு விழும்.

எல்லாம் ஒட்டியதும், தரை மட்டையின் பின்பக்கத்திலும் அதே அளவு வெறுந்தாள் ஒன்றை ஒட்டுங்கள். முன்பக்கப் பசை காயும்போது மட்டையை இழுத்து வளைக்கும். பின்பக்கத் தாள் எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்கும். பிறகு மேலும் கீழும் ஈரம் உறிஞ்சும் வெறுந்தாள் வைத்து, பலகைக்கு இடையில் பாரத்தோடு ஒரு நாள். மாரியில் இரண்டு நாள், இடையில் ஒருமுறை அந்தத் தாளை மாற்றி.

மாரி, உப்புக்காற்று, வெயில்

நம் பக்கத்தில் ஒக்டோபர் தொடங்கித் தை வரை பெய்யும் மழை கடதாசிக்கு எதிரி. முடிந்தால் பூசுவதும் ஒட்டுவதும் ஏப்ரல் முதல் செப்டெம்பருக்குள் முடியட்டும். மாரியில் வெட்டலாம், குத்திப் பார்க்கலாம். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்ட வேண்டாம், ஈரம் ஊறும். உள்சுவர், நேர் வெயில் படாத இடம். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே ஒரு மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்; தொட்டால் ஈரக்காலத்தில் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பலகைக்குப் பழுப்பு அட்டைப்பெட்டி மட்டையைப் போடுவது வழக்கம், ஆனால் அது காலப்போக்கில் படத்துக்கே பழுப்பேற்றும். நியூயோர்க்கில் உள்ள மத்தீஸின் 'நீச்சல்குளம்' அப்படித்தான்: பின்னால் இருந்த சாக்குத் துணி கருத்துப்போய், அருங்காட்சியகம் பல ஆண்டு உழைத்து அதை மாற்ற வேண்டி வந்தது.

ஓரம் எழும்பினால் ஊசி முனையில் பசை எடுத்து உள்ளே விட்டு அழுத்துங்கள். கொப்புளம் இருந்தால் பிளேட் நுனியால் சிறு கீறல் போட்டு, அதே மாதிரி. இராமபாணப் பூச்சி மாப்பசையை விரும்பித் தின்னும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தின் பின்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள்.

யாருடைய வழி என்று சொல்லுதல்

இலங்கைச் சட்டப்படி ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை அவருடைய படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. மத்தீஸுக்கு அது 2024இன் முடிவோடு தீர்ந்தது. ஆனால் உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரின் வழியில் செய்து விற்கவோ கண்காட்சிக்கு வைக்கவோ நினைத்தால், மூலத்தின் வடிவங்களைத் தொடாமல் இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வேலை செய்பவர்களைத் தேடிப்போய்க் கேட்பது பெரிய தூரமும் இல்லை. கேட்கப் போன இடத்தில் இன்னும் நாலு விடயம் கற்றுக்கொண்டும் வரலாம்.

சித்திரப் பாடத்துக்காகச் செய்யும் மாணவர்கள் விதிகள் எழுதிய கொப்பிப் பக்கத்தையும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் கோவையில் சேருங்கள். எதை எடுத்தீர்கள், எதை உடைத்தீர்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். படத்தின் பின்பக்கம் உங்கள் பெயர், ஆண்டு, அதன் கீழே 'ஹென்றி மத்தீஸின் நத்தை (1953) வழியில்' என்று எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன்பே, பின்பக்கத் தாளில், பென்சிலால். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.